பல்கலைக்கழக அலுவலக வேலை: சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது?

பல்கலைக்கழகத்தில் எழுத்தர் வேலை என்றால், வரன் பார்க்கும் வீட்டில் அதை "கவர்மெண்ட் உத்தியோகம்" என்றே கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். பாதிதான் சரி. தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இளநிலை உதவியாளர் அரசு ஊழியர் அல்ல. தனிச் சட்டத்தால் உருவான தன்னாட்சி அமைப்பு ஒன்றின் ஊழியர். ஊதிய விகிதம் அரசினுடையது. விடுப்பு விதிகள் பெரும்பாலும் அரசினுடையவை. அகவிலைப்படியும் அரசாணையைப் பார்த்தே உயரும். ஆனால் சம்பளம் கருவூலத்திலிருந்து வராது, பல்கலையின் வங்கிக் கணக்கிலிருந்து வரும். இந்த வேலையின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இங்கே எடைபோடுவது மாநிலப் பல்கலைகளின் அமைச்சுப் பணியை: இளநிலை உதவியாளர், தட்டச்சர், உதவியாளர், கண்காணிப்பாளர் அல்லது பிரிவு அலுவலர் என்று மேலே போகும் வரிசை. ஆய்வகப் பணியாளர், ஓட்டுநர், பொறியியல் பிரிவு ஆகியோரின் நிலைமை வேறு. மத்திய, தனியார் பல்கலைகளைப் பற்றிப் பின்னால் கொஞ்சம்.

சம்பளமும் அது வரும் வழியும்

இளநிலை உதவியாளருக்கும் தட்டச்சருக்கும் ஊதிய நிலை 8. அடிப்படை ஊதியம் ரூ.19,500-இல் தொடங்கி ரூ.71,900 வரை போகும். 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து ரூ.30,810. அதில் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு 10 விழுக்காடு, அதாவது ரூ.3,081 பிடித்தம். வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்துக் கூட்டும், காப்பீட்டுத் தொகை கொஞ்சம் குறைக்கும். புதிதாகச் சேர்பவர் கைக்கு முப்பதாயிரத்தை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளலாம். காரைக்குடியிலோ சேலத்திலோ சொந்த வீட்டில் இருந்துகொண்டு போய்வந்தால் இது நல்ல சம்பளம். சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு இதே சம்பளத்தில் குடும்பம் நடத்துவது இழுபறிதான்.

இனி அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். அரசு ஆண்டுதோறும் தொகுப்பு மானியம் தரும். அது சம்பளச் செலவு முழுவதையும் தாங்குவதில்லை. மீதியைத் தேர்வுக் கட்டணம், கல்லூரி இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்விக் கட்டணம், வைப்புத்தொகை வட்டி ஆகியவற்றிலிருந்து பல்கலையே திரட்ட வேண்டும். சென்னை, மதுரை போன்ற பழைய பல்கலைகளின் சிக்கல் இங்கேதான். ஒரு காலத்தில் தொலைநிலைக் கல்வி பணம் கொட்டியது. பல்கலை மானியக் குழு, மாநிலப் பல்கலைகள் தங்கள் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று தடை போட்டபின் அந்த வருமானம் வற்றியது. பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தன்னாட்சி பெற்றுத் தேர்வைத் தாங்களே நடத்தத் தொடங்கின. பட்டச் சான்றிதழ் மட்டும் பல்கலை அச்சிடுகிறது, தேர்வுக் கட்டணத்தின் பெரும்பகுதி கல்லூரியில் நின்றுவிடுகிறது. எல்லைப் பிரிவினையும் சேர்ந்துகொண்டது: மதுரை காமராசரிலிருந்து 1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார் பிரிந்தது, சென்னையின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரு பகுதி 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்குப் போனது. கல்லூரிகள் போய்விட்டன. பழைய ஊழியர்களும் அவர்களது ஓய்வூதியமும் தாய்ப் பல்கலையின் தலையிலேயே தங்கின.

விளைவு செய்தித்தாளில் வந்ததுதான். மதுரை காமராசர் பல்கலையில் சம்பளமும் ஓய்வூதியமும் தாமதமாகி ஊழியர்கள் வாயிலில் போராடினார்கள். 2024 தொடக்கத்தில் வருமான வரித் துறை சென்னைப் பல்கலையின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. இதற்கெல்லாம் முன்னுதாரணம் சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலையில் தேவைக்கு மேல் ஆளெடுத்து, நிதி கவிழ்ந்து, 2013-இல் அரசு தனிச் சட்டம் போட்டு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. உபரியாக நின்ற ஊழியர்களை வேறு பல்கலைகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் அனுப்பினார்கள். வேலை தேடுபவர் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பல்கலையில் ஐம்பது காலியிடம் இருப்பதாகக் காதில் விழலாம். அவற்றில் பல இப்படிப் பணி நிரவலில் வந்தவர்களால் நிரம்பியிருக்கும்.

ஆகவே நியமன ஆணையைக் கையில் வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை சில உண்டு. கடந்த பன்னிரண்டு மாதங்களில் சம்பளம் எந்தெந்தத் தேதியில் ஏறியது? கடைசி மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெற்றவர்களில் எத்தனை பேருக்குப் பணிக்கொடை நிலுவை? கடைசி அகவிலைப்படி உயர்வு அரசாணை வந்து எத்தனை மாதம் கழித்து இங்கே கொடுத்தார்கள்? கேண்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிடும். எழுத்தில் வேண்டுமென்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஊதிய விகிதம் எல்லாப் பல்கலையிலும் ஒன்றுதான், இந்த மூன்று பதில்களும் ஒன்றல்ல. அண்ணா, வேளாண், மருத்துவப் பல்கலை போன்ற தொழிற்கல்விப் பல்கலைகளையும் கலை அறிவியல் கல்லூரிகளை நம்பியிருக்கும் பல்கலைகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஓய்வூதியத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்பது தெரிந்ததே. அரசு ஊழியருக்கு அறிவிக்கப்படும் மாற்றம் எதுவும் பல்கலைக்குத் தானாக வந்து சேராது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பல்கலையின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் அதை ஏற்றுத் தீர்மானம் போட வேண்டும், நிதி அலுவலர் பணத்துக்கு வழி சொல்ல வேண்டும். டி.வி.யில் அறிவிப்பு வந்த அன்று லட்டு கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பது பல்கலை ஊழியருக்குப் பழகிப்போன ஒன்று.

எந்த சீட்?

அடுத்து நாளின் தரத்தை முடிவு செய்வது கிடைக்கும் சீட், அதாவது எந்தப் பிரிவில் எந்த வேலை என்பது. ஒரே பதவி, ஒரே சம்பளம். ஆனால் துறை அலுவலகத்தில் இருப்பவருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருப்பவருக்கும் வாழ்க்கை வேறு வேறு.

துறை அலுவலகம் என்றால், உதாரணமாக இயற்பியல் துறை அல்லது தமிழ்த் துறையில் ஒரே ஒரு உதவியாளர். மாணவர் வருகைப் பதிவு, உதவித்தொகைப் பட்டியல், ஆய்வுத் திட்ட பில், கருத்தரங்க முன்பணம் எல்லாம் இவர் கையில். மேலதிகாரி என்று தினமும் தலைக்கு மேல் நிற்க ஆளில்லை, துறைத்தலைவர் ஒருவர்தான். அவர் நல்லவராக வாய்த்தால் பல்கலையிலேயே அமைதியான இடம் இது. சிக்கல் முன்பணத்தில் வரும். கருத்தரங்குக்குப் பேராசிரியர் பெயரில் முன்பணம் எடுத்திருப்பார்கள், பில் வராது. மார்ச் நெருங்கும்போது நிதிப் பிரிவு கடிதத்தை உதவியாளருக்குத்தான் அனுப்பும். வெளி நிதியில் நடக்கும் திட்டமாக இருந்தால் பயன்பாட்டுச் சான்றிதழ் வேறு. கொடுத்த பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் அது படிவம் 12-ஏ-இல் உரிய கையொப்பங்களோடு போகாவிட்டால் அடுத்த தவணை வராது, அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை நின்றுவிடும்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் இதற்கு நேரெதிர். ஏப்ரல், நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு பருவம். இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிட நேரம் குறைவு. கல்லூரியிலிருந்து பெயர்ப்பட்டியல் வரும், நுழைவுச்சீட்டு போகும், வினாத்தாள் கட்டுகள் போகும், விடைத்தாள் கட்டுகள் வரும், டம்மி நம்பர் போடப்படும், மைய மதிப்பீட்டு முகாம் நடக்கும், மதிப்பெண் ஏறும், தேர்ச்சிக் குழு கூடும், முடிவு வெளியாகும். உடனே மறுமதிப்பீட்டு விண்ணப்பம் குவியத் தொடங்கும்.

தவறு நேரும் இடங்கள் தெளிவானவை. முதலாவது, வராதவர் கணக்கு. ஒவ்வொரு கட்டிலும் எழுதியவர், வராதவர் இரண்டையும் கூட்டினால் பெயர்ப்பட்டியல் எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று குறைந்தால் கட்டை அங்கேயே நிறுத்த வேண்டும். நேரமில்லை என்று அடுத்த மேசைக்குத் தள்ளினால் தேர்வெழுதிய மாணவருக்கு முடிவில் 'வரவில்லை' என்று வரும். இரண்டாவது, டம்மி நம்பர். பதிவெண் உள்ள மேல்பகுதியிலும் விடைத்தாளிலும் ஒரே எண் போட்டுப் பிரிப்பார்கள். நடுவில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டு எண் ஒன்று தவறினால் அந்தக் கட்டின் மீதி மதிப்பெண்கள் அனைத்தும் ஓர் ஆள் நகர்ந்துவிடும். பார்கோடு வந்த இடங்களில் இந்த ஆபத்து பெரிதும் குறைந்திருக்கிறது. மூன்றாவது, அகமதிப்பீட்டு மதிப்பெண். கல்லூரி கடைசி நாளில் அனுப்பும், பாடக் குறியீடு பழைய பாடத்திட்டத்தினுடையதாக இருக்கும், முடிவு நிறுத்திவைக்கப்படும். மாணவர் திட்டுவது கல்லூரியை அல்ல, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரை.

மதிப்பீடு செய்யப்பட்ட விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தபின், விடைத்தாள் அறையைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் வேலை கூடிவிட்டது. கட்டு எந்த அலமாரியில், எந்தத் தேதிவரை பாதுகாக்கப்படும், எப்போது கழிவுக்குப் போனது என்று பதிவேடு சரியாக இல்லையென்றால் ஆபத்து. தகவல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை அபராதம் பொதுத் தகவல் அலுவலர்மேல் விழும். விழுந்த அன்று அவர் தேடுவது அந்த சீட்டில் இருப்பவரைத்தான்.

சான்றிதழ் பிரிவில் புதிய தலைவலி டிஜிலாக்கர். பட்டம், மதிப்பெண் பட்டியல் தரவுகளைத் தேசியக் கல்விக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டுப் பெயர்கள் அங்கே மாட்டிக்கொள்கின்றன. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக. ஆவணம் மாணவர் கணக்கில் போய்ச் சேராது. தரவை ஏற்றும்போதே பள்ளிச் சான்றிதழ்ப் பெயரை மாற்றாமல் வைத்து, ஆதாரைத் திருத்தச் சொல்வதே சரியான வழி. மாணவர் அழுகிறாரே என்று பல்கலைப் பதிவில் பெயரை மாற்றினால் பத்தாம் வகுப்பு தொடங்கி எதுவும் எதோடும் பொருந்தாது.

இந்த சீட்டுகளுக்கும் ஒரு நன்மை உண்டு: வேலை தெரிந்தவருக்கு மதிப்பு. தேர்வுப் பிரிவில் ஐந்தாண்டு இருந்த உதவியாளர் சொன்னால் துணைப் பதிவாளர் கேட்பார். அமைதியான சீட்டில் அந்த மரியாதை எளிதில் வராது. நிறுவனப் பிரிவு, அதாவது ஊழியர்களின் பணி விவகாரம் பார்க்கும் இடம், செல்வாக்குள்ளது. எதிரிகளையும் அதே அளவு சம்பாதித்துத் தரும். இணைப்புக் கல்லூரிப் பிரிவும் கொள்முதலும் பணம் புழங்கும் இடங்களோடு உரசுபவை. அங்கே போகிறவர் ஆய்வுக் குழு வருகையிலும் ஒப்பந்தப்புள்ளி திறப்பிலும் யார் முன்னிலையில் என்ன நடந்தது என்று அன்றன்றே குறிப்பு எழுதிக் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். மறுநாள் என்றால் ஆள் கிடைக்கமாட்டார்.

கோப்பு எழுதுவது

கல்லூரியில் சொல்லித்தராத கலை இது. தபால் வரும், பகிர்மானப் பதிவேட்டில் எண் விழும், சீட்டுக்கு வரும், அந்த சீட்டுக்கே உரிய பதிவேடான தன்பதிவேட்டில் ஏற வேண்டும். பிறகு குறிப்பு எழுதி, வரைவு இணைத்து, பிரிவு அலுவலர், உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர், பதிவாளர் வழியாகத் துணைவேந்தர் வரை போகும். மின் அலுவலகம் வந்த இடங்களில் தாள் குறைந்திருக்கிறது, படிகள் குறையவில்லை.

புதியவர் வழக்கமாகச் சறுக்குவது குறிப்பில். விதி எது, முன்னுதாரணம் எது, நிதித் தலைப்பில் பணம் இருக்கிறதா, யாருக்கு ஒப்புதல் அதிகாரம் என்ற நான்கும் குறிப்பில் இருக்க வேண்டும். கடைசியில் 'ஒப்புதலுக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது' என்று மட்டும் எழுதினால் கோப்பு கேள்வியோடு திரும்பி வரும். அதைவிட மோசம் வாய்மொழி உத்தரவு. "சார் சொன்னார், போட்டுவிடு" என்று வரும் எதையும் 'பதிவாளரின் வாய்மொழி அறிவுறுத்தலின்படி' என்று குறிப்பில் ஏற்றி, அவர் பார்வைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்றினால் முகம் சுளிப்பார்கள். ஏற்றாவிட்டால் ஆறு ஆண்டு கழித்துத் தணிக்கை கேட்கும்போது பதில் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். துணைவேந்தரின் காலம் மூன்றாண்டு, இளநிலை உதவியாளரின் காலம் முப்பதாண்டுக்கு மேல்.

மாநிலப் பல்கலைகளின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. ஒரு தணிக்கைத் தடை, அதாவது செலவைக் கேள்வி கேட்கும் குறிப்பு, பத்து, பதினைந்து ஆண்டு நிலுவையில் கிடப்பது சாதாரணம். அதில் பெயர் இருந்தால் ஓய்வு பெறும்போது நிலுவையின்மைச் சான்று கிடைக்காது, பணிக்கொடை நிற்கும். ஒரு சீட்டிலிருந்து மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் எழுதாமல் போகவே கூடாது: நிலுவைக் கோப்புகளின் எண், சாவி, முத்திரை, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகம், வெற்றுச் சான்றிதழ்த் தாள்களின் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும். இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையொப்பம், ஒரு பிரதி வீட்டில். எண்ணிட்ட வெற்றுச் சான்றிதழ்த் தாளில் ஒன்று குறைந்தால் அது காவல்துறைவரை போகும் விஷயம்.

துணைவேந்தர் பதவி காலியாக இருக்கும் காலம் ஊழியருக்குத் தனிச் சோதனை. சென்னைப் பல்கலைக்கு 2023 ஆகஸ்டில் பதவி காலியானது. இப்படிப்பட்ட நாள்களில் பெரும்பாலும் உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையிலான குழு நிர்வாகத்தைப் பார்க்கும். அன்றாடக் கோப்பு நகரும். பதவி உயர்வு, கருணை அடிப்படை நியமனம், பட்டமளிப்பு விழா போன்றவை கூட்டத்துக்குக் காத்திருக்கும். பட்டம் எப்போது வரும் என்று கேட்டு வெளிநாடு போகக் கிளம்பிய மாணவர் கவுண்டரில் நிற்பார். தற்காலிகச் சான்றிதழைத் தவிர ஊழியரிடம் கொடுக்க ஒன்றும் இராது.

விடுப்பு, நேரம், இடமாற்றம்

இந்தப் பகுதியில் குறை சொல்ல அதிகமில்லை. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள், ஈட்டிய விடுப்பு 30 நாள், மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் ஓராண்டு. ஓய்வு வயது 60. வருவாய்த் துறையிலோ காவல்துறை அமைச்சுப் பணியிலோ இருப்பவரைப் போல மாவட்டம் விட்டு மாவட்டம் தூக்கிப் போடமாட்டார்கள். மாறினாலும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு. வயதான பெற்றோரும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு இதன் அருமை தெரியும். தேர்தல் பணிக்கு மட்டும் பல்கலை ஊழியரையும் கூப்பிடுவார்கள்.

ஆசிரியருக்குக் கோடை விடுமுறை உண்டு, அலுவலகத்துக்குக் கிடையாது. மே மாதத்தில் வளாகம் காலியாக இருக்கும்போது தேர்வுப் பிரிவிலும் சேர்க்கைப் பிரிவிலும் இரவு எட்டு மணிவரை விளக்கு எரியும். பல்கலையின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும் ஆண்டில் ஞாயிறு என்ற ஒன்று நாட்காட்டியில் மட்டும் இருக்கும்.

மேல்படிப்பு படிக்க வசதியான இடம் என்று சொல்வார்கள். நூலகம் பக்கத்தில், ஆசிரியர்கள் தெரிந்தவர்கள், உண்மைதான். சேருவதற்கு முன் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். வாங்காமல் படித்த பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றமாட்டார்கள், பதவி உயர்வில் அது எண்ணப்படாது.

ஏணி எங்கே முடிகிறது

தகுதிகாண் பருவம், தொடர்ந்த மூன்றாண்டுக்குள் இரண்டாண்டு பணி. துறைத் தேர்வுகளை டி.என்.பி.எஸ்.சி. மே, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வு முதல் பகுதியை முதல் வாய்ப்பிலேயே எழுதி முடிப்பது நல்லது. விதிப் புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வு என்று அலட்சியமாகப் போய்த் திரும்புபவர் ஏராளம். எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று தெரியாதவருக்குப் புத்தகம் உதவாது. இது இல்லாமல் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் தாண்டிப் போகும், பின்னால் சேர்ந்தவர் முன்னால் உட்காருவார். பிறகு நீதிமன்றம் போனாலும் பயனில்லை.

உதவியாளர் ஆகலாம், கண்காணிப்பாளர் ஆகலாம். உதவிப் பதிவாளர் வரை போகிறவர் குறைவு, துணைப் பதிவாளர் மிகக் குறைவு. பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பதவிகளில் பெரும்பாலும் பேராசிரியர்களே அமர்கிறார்கள். பதவி உயர்வு வராமல் ஒரே பதவியில் பத்தாண்டு ஆனால் தேர்வு நிலை, இருபதாண்டு ஆனால் சிறப்பு நிலை ஊதியம் கிடைக்கும், நாற்காலி அதேதான். வேகமாக மேலே போக நினைப்பவருக்கு இது ஏற்ற இடமில்லை. குரூப் 2 படித்துக்கொண்டே இங்கே சம்பளம் வாங்கலாம் என்று வருகிறவர்கள் உண்டு; அவர்கள் துறை அலுவலக சீட் கேட்பது புத்திசாலித்தனம்.

தொகுப்பூதியம்

வேண்டாம் என்றே சொல்லத் தோன்றுகிறது. தொகுப்பூதியம், தினக்கூலி, வெளிமுகமை என்று பெயர் எதுவானாலும், அதே சீட், அதே கோப்பு, சம்பளம் மூன்றில் ஒன்றோ அதற்குச் சற்று மேலோ. "சேர்ந்துகொள், பிறகு நிரந்தரமாக்கிவிடுவார்கள்" என்பதுதான் சேர்க்கும்போது சொல்லப்படும் வாக்குறுதி. முறையான தேர்வின்றி நியமிக்கப்பட்டவர்கள் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் உமாதேவி வழக்கில் சொன்னதிலிருந்து அந்தக் கதவு மிகவும் குறுகிவிட்டது. 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. அதைப் பெறவும் வழக்குத்தான் போட வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே இருப்பவர்கள் வேலைப் பகிர்வு ஆணை, தங்கள் பெயரில் வந்த அலுவலகக் குறிப்பு, வருகைப் பதிவின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. நிரந்தர வேலைக்குப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சிக்காரரைத் தெரியும் என்றாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

மத்தியப் பல்கலையும் தனியாரும்

திருவாரூரில் 2009-இல் வந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலை, 1985-இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலை போன்றவற்றில் கீழ்நிலை எழுத்தர் அடிப்படை ரூ.19,900, மேல்நிலை எழுத்தர் ரூ.25,500, உதவியாளர் ரூ.35,400, பிரிவு அலுவலர் ரூ.44,900, உதவிப் பதிவாளர் ரூ.56,100. பணம் ஒன்றிய அரசிடமிருந்து மானியக் குழு வழியாக வருவதால் சம்பளத் தேதி பற்றிய கவலை மிகக் குறைவு. முதுகலையில் 55 விழுக்காடு இருந்தால் உதவிப் பதிவாளருக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். எழுத்தராகச் சேர்ந்து அங்கே போய்ச்சேர எடுக்கும் காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எழுத்தருக்குத் தட்டச்சு வேகம் நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 35 சொல் அல்லது இந்தியில் 30. தமிழ்த் தட்டச்சு உயர்நிலை முடித்தவருக்கு அங்கே அதற்கென்று மதிப்பில்லை. காலியிடம் குறைவு, போட்டி நாடு முழுவதிலிருந்தும். மாநிலப் பல்கலை, மத்தியப் பல்கலை இரண்டிலும் வேலை கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை, மத்தியப் பல்கலைதான்.

தனியார், நிகர்நிலைப் பல்கலைகளில் சேருபவர் மூன்றைப் பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி முழு அடிப்படை ஊதியத்துக்கா, ரூ.15,000 வரம்புக்கு மட்டுமா. வரம்புக்கு என்றால் மாதப் பிடித்தம் ரூ.1,800-ஐத் தாண்டாது. விலகல் அறிவிப்புக் காலம் எத்தனை மாதம். சேர்க்கைக் காலத்தில் மாணவர் பிடித்துத் தர வேண்டும் என்ற இலக்கு உண்டா. கடைசியானது நியமனக் கடிதத்தில் இராது, உள்ளே இருப்பவரிடம் கேட்க வேண்டும். அசல் சான்றிதழை 'சரிபார்த்துத் தருகிறோம்' என்று வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் என்றால் அன்றே மறுத்துவிடலாம். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மென்பொருளில் தேர்வு, சேர்க்கை, கட்டணம் மூன்றையும் நடத்தும் அனுபவம் அங்கே ஒரே ஆண்டில் வந்துவிடும், மாநிலப் பல்கலையில் அதற்குப் பத்தாண்டு ஆகலாம்.

சேர்ந்த முதல் மாதம்

பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். தரமாட்டேன் என்றால் எழுதிக் கேட்க வேண்டும். முதல் பக்கத்தில் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பிறந்த தேதியைத் திருத்தக் கோருவதற்குச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுதான் கெடு. முற்பகலா பிற்பகலா என்று சேர்ந்த நேரமும் பதிவாகியிருக்க வேண்டும், முதுநிலைப் பட்டியலில் ஒரே நாளில் சேர்ந்தவர்களிடையே அது சண்டையாகும்.

பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கு எண்ணை முதல் சம்பளத்துக்கு முன்பே கேட்டு வாங்குவது நல்லது. பிடித்தம் சம்பளச் சீட்டில் தெரியும். பல்கலையின் சமபங்கு கணக்கில் ஏறியதா என்பது ஆண்டுக் கணக்குச் சீட்டில்தான் தெரியும். நிதி நெருக்கடியில் இருக்கும் நிறுவனம் எதுவானாலும் முதலில் தள்ளிப்போடுவது இந்தப் பங்கைத்தான். வருமான வரிப் பிடித்தத்தையும் காலாண்டுக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் படிவம் 26-ஏ.எஸ்.-இல் சரிபார்க்கலாம், நிதிப் பிரிவு அறிக்கை தாக்கல் செய்யத் தாமதித்தால் பிடித்த வரி அங்கே வந்திருக்காது, நோட்டீஸ் ஊழியருக்கு வரும்.

வாரிசு நியமனப் படிவங்கள் பணிக்கொடை, சேமநல நிதி, ஓய்வூதியக் கணக்கு என்று தனித்தனி. சேரும்போது அம்மா பெயரைப் போட்டவர்கள் திருமணத்துக்குப் பின் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி, நிறுவனப் பிரிவின் தேதி முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.